பழைய புல்லட்டில் ஹாம் செட்: கோளாறு வண்டியிலா, ரேடியோவிலா?

என்னுடையது 1996 மாடல் புல்லட் ஸ்டாண்டர்டு 350. கேஸ்ட் அயர்ன் இன்ஜின், வலது காலில் கியர், பாயின்ட் இக்னிஷன் (ஸ்பார்க்குக்கான கரென்ட்டைத் திறந்து மூடும் சின்னச் சுவிட்ச்தான் பாயின்ட்), கிக்கர் மட்டும். திருவொற்றியூரில் பிறந்த வண்டி. பின்னால் லடாக் கேரியரில் 2 மீட்டர் எஃப்.எம். மொபைல் செட் ஒன்று உட்கார்ந்திருக்கிறது, அதாவது வண்டியில் வைத்துப் பேசும் ஹாம் (அமெச்சூர்) ரேடியோ. லைசென்ஸும் அழைப்புக் குறியும் வைத்திருக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இல்லாதவர்கள் செட் வாங்கும் முன் தேர்வை எழுதிவிடுங்கள். வி.யு.3 எனத் தொடங்கும் ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் தேவையில்லை.

செட்டை மாட்டிய முதல் வருடம் எந்தக் கோளாறு வந்தாலும் ரேடியோவைத்தான் சந்தேகப்பட்டேன். ரிச்சி தெருவுக்கு (சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் கடைத் தெரு) அலைந்தேன், ஃபில்டர் வாங்கினேன், ஆன்டெனா மாற்றினேன். கடைசியில் தொண்ணூறு சதம் கோளாறு வண்டிக்குள்ளேயே இருந்தது. ரேடியோ அதை வெளியே சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அதனால் கீழே உள்ளதை அறிகுறி வாரியாகப் படியுங்கள். ஆனால் எதையும் வாங்குவதற்கு முன் இரண்டு பொருளைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், நன்றாகச் சார்ஜ் ஏற்றிய தனி 12 வோல்ட் பேட்டரி ஒன்று. யு.பி.எஸ்.ஸிலிருந்து கழற்றியது போதும்.

வண்டி 6 வோல்ட் காலத்து வண்டி என்றால் முதலில் 12 வோல்ட்டுக்கு மாற்றிவிட்டு இங்கே வாருங்கள்.

பி.டி.டி.யை (பேசுவதற்கு அழுத்தும் பொத்தான்) அழுத்தியதும் செட் அணைந்து மறுபடி எழுகிறது

கேட்கும்போது ஒரு குறையும் இல்லை. பேச அழுத்தினால் திரை மங்குகிறது அல்லது செட் அணைந்து திரும்பவும் ஆரம்பிக்கிறது. இது வோல்டேஜ் விழுவது. கேட்கும்போது செட் அரை ஆம்பியர் அளவில்தான் இழுக்கும். 25 வாட்டில் பேச ஆரம்பித்தால் என் செட் 7 ஆம்பியர் வரை கேட்கிறது. பெரும்பாலான மொபைல் செட்டுகள் 13.8 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டவை. அதற்கு 15 சதம் கீழே, அதாவது 11.7 வரை பொறுத்துக்கொள்ளும். அதற்கும் கீழே போனால் அடம்பிடிக்கும்.

வோல்டேஜ் எங்கே விழுகிறது என்பதுதான் கேள்வி. யூகிக்க வேண்டாம், அளந்துவிடலாம். இன்ஜினை நிறுத்திவிட்டு, மீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, பேட்டரி முனைகளிலேயே தொடுங்கள். நண்பரை 25 வாட்டில் ஐந்து விநாடி அழுத்தச் சொல்லுங்கள். ஆன்டெனா மாட்டியிருக்க வேண்டும், பேசுவதற்கு முன் அழைப்புக் குறியும் சொல்ல வேண்டும்.

பேட்டரியிலேயே 11.5க்குக் கீழே விழுந்தால் பேட்டரி போய்விட்டது, அல்லது சார்ஜ் இல்லை. ஒரு இரவு சார்ஜரில் போட்டு, எடுத்து இரண்டு மணி நேரம் சும்மா வைத்து அளந்தால் 12.6க்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது.

பேட்டரி அசையாமல் நிற்கிறது, ஆனால் செட்டின் பின்பக்க வயரில் வோல்டேஜ் விழுகிறது என்றால் இடையில் எங்கோ கள்ளன் இருக்கிறான். இப்போது மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும், மறுமுனையைச் செட்டின் நெகட்டிவ் வயர் முடியும் இடத்திலும் வைத்து அழுத்துங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பக்கம் கோளாறு. இதையே பாசிட்டிவ் பக்கமும் செய்யுங்கள். ஃபியூஸ் ஹோல்டருக்கு முன்னும் பின்னும் தனியாக அளந்து பாருங்கள். கண்ணாடி ஃபியூஸ் மாட்டும் மலிவான ஹோல்டர்களில் ஸ்பிரிங் சூடேறித் தளர்ந்துபோகும். தொட்டால் சுடுகிறதா என்று பார்ப்பதே பாதிச் சோதனை.

வயரின் தடிமனும் முக்கியம். பேட்டரியிலிருந்து செட்டுக்குப் போகவும் வரவும் மூன்று மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இண்டிகேட்டருக்குப் போடும் 0.5 சதுர மி.மீ. வயரில் 7 ஆம்பியர் ஓடினால் முக்கால் வோல்ட் வயரிலேயே போய்விடும். 2.5 சதுர மி.மீ. வயரில் 0.15 வோல்ட்தான் போகும். புதுப்பேட்டையில் ஒரு கடைக்காரர் "அதே வயரு போதும் சார்" என்று மெல்லிய சுருளை நீட்டினார். கணக்கைச் சொன்னதும் சிரித்துக்கொண்டே தடிமனானதை எடுத்து வந்தார்.

ஹெட்லைட் கிண்ணத்துக்குள் இக்னிஷன் சுவிட்சில் இருந்து செட்டுக்கு லைன் எடுப்பவர்கள் உண்டு. வேண்டாம். முப்பது வருடக் கப்ளர் (வயர்களைச் சேர்க்கும் பிளாஸ்டிக் இணைப்பு), முப்பது வருடச் சுவிட்ச், அம்மீட்டர் எல்லாவற்றையும் கடந்து வரும் கரென்ட்டில் செட்டுக்கு மிச்சம்தான் கிடைக்கும். செட்டின் இரண்டு வயரையும் நேராகப் பேட்டரிக்கே கொண்டுபோங்கள். பாசிட்டிவில், பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள், ஃபியூஸ். அந்த ஃபியூஸ் வயரைக் காப்பாற்றத்தான் இருக்கிறது; செட்டுக்குப் பக்கத்தில் போட்டால் நடுவில் வயர் உரசி எர்த் ஆகும்போது எரிவது சீட்.

செல்ஃப் ஸ்டார்ட் உள்ள எலெக்ட்ரா, தண்டர்பேர்டு வைத்திருப்பவர்கள் நெகட்டிவிலும் ஒரு ஃபியூஸ் போடுவது நல்லது. இன்ஜினிலிருந்து பேட்டரிக்கு வரும் எர்த் பட்டை என்றாவது அறுந்தால், ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் போன கரென்ட் ஆன்டெனா பிராக்கெட், கோஆக்ஸ் (ஆன்டெனா வயர்) உறை, செட்டின் உடம்பு, செட்டின் நெகட்டிவ் வயர் என்று சுற்றித் திரும்பப் பார்க்கும். கிக்கர் வண்டிக்கு இந்தப் பயம் இல்லை.

எர்த் பற்றி என் மெக்கானிக் அண்ணன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. நான், "அண்ணே, பாசிட்டிவ் எல்லாம் பார்த்துட்டேன், சரியாத்தான் இருக்கு" என்றேன். அவர் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைக்காமலே, "கரென்ட் போனா மட்டும் போதுமா தம்பி, திரும்பி வர வேணாமா?" என்றார். சைடு கவரைக் கழற்றிப் பார்த்தால் ஃபிரேமில் எர்த் லக் பெயின்ட்டின் மேலேயே முடுக்கப்பட்டிருந்தது. முந்தின வருடம் நான்தான் ஆசை ஆசையாய் ஃபிரேமுக்குப் பவுடர் கோட்டிங் அடித்திருந்தேன். உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று உலோகம் தெரியும்வரை தேய்த்து, நட்சத்திர வாஷர் வைத்து முடுக்கி, மேலே கிரீஸ் தடவினோம். இன்ஜின் ஹெட்டிலிருந்து ஃபிரேமுக்குத் தனியாக ஒரு பின்னல் பட்டையும் போட்டோம். பல மாதத் தொல்லை பத்து நிமிடத்தில் முடிந்தது.

அம்மீட்டர் பிளஸ் காட்டுகிறது, ஆனாலும் பேட்டரி இறங்குகிறது

புல்லட்காரர்கள் எல்லோருக்கும் அம்மீட்டர் முள்தான் வேதம். செட்டை நேராகப் பேட்டரியில் கொடுத்த பிறகு அந்த முள் பொய் சொல்லும். காரணம் எளிது. அம்மீட்டர் பேட்டரிக்கும் மற்ற வயரிங்குக்கும் நடுவில் இருக்கிறது. செட்டோ பேட்டரிப் பக்கம் இருக்கிறது. ஓடும்போது நீங்கள் பேசினால் ஆல்டர்னேட்டரிலிருந்து செட்டுக்குப் போகும் கரென்ட்டும் அம்மீட்டர் வழியாகப் பிளஸ் பக்கமே போகும். முள் நன்றாகத்தான் நிற்கும், ஆனால் அதில் ஒரு சொட்டுகூடப் பேட்டரிக்குள் இறங்கியிருக்காது.

ஹேண்டில்பாரில் சின்ன வோல்ட் மீட்டர் ஒன்று மாட்டுங்கள். அதுவும் பேட்டரி முனையிலிருந்தே. நடுத்தர வேகத்தில், ஹெட்லைட் போட்டுக்கொண்டு, 13.8 முதல் 14.5 வரை காட்டினால் நலம். 13க்குக் கீழேயே கிடந்தால் ஸ்டேட்டர் (ஆல்டர்னேட்டரின் அசையாத காயில்), ரெக்டிஃபையர் (ஏ.சி.யை டி.சி. ஆக்குவது), கப்ளர் என்ற வரிசையில் அல்ல, நேர் எதிர் வரிசையில் பாருங்கள். கப்ளர் முதலில். கருகின பிளாஸ்டிக் கண்ணுக்கே தெரியும். ஸ்டேட்டர் பிரைமரி கேஸுக்குள் ஆயிலில் குளித்துக்கொண்டிருக்கிறது. அதைத் திறப்பது கடைசி வேலை.

15க்கு மேல் ஏறினால் ரெகுலேட்டர் போய்விட்டது. அதற்கு அறிகுறி தனியாகத் தேட வேண்டாம்: பல்புகள் அடிக்கடி ஃபியூஸ் ஆகும், பேட்டரித் தண்ணீர் வற்றும், சைடு கவருக்குள் ஆசிட் வாடை வரும். அந்த நிலையில் செட்டை ஆன் செய்யாதீர்கள்.

ஹெட்லைட்டும் ஒரு பங்காளி. உங்கள் வண்டியில் இன்ஜின் ஓடாமல் சாவி மட்டும் போட்டால் ஹெட்லைட் எரிகிறதா? எரிந்தால் அது டி.சி., பேட்டரியில் பங்கு கேட்கிறது. ஓடினால் மட்டும் எரிந்து, ஆக்சிலேட்டருக்குத் தகுந்தபடி ஏறி இறங்கினால் ஏ.சி., ஸ்டேட்டரிலிருந்து நேராக வருகிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல் எல்.இ.டி. பல்பு வாங்கி ஏ.சி. வண்டியில் மாட்டி, அது கண் சிமிட்டுகிறது என்று திட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். டி.சி. வண்டியில் 55 வாட் ஹாலஜன் நாலரை ஆம்பியருக்குக் குறையாமல் குடிக்கும், இக்னிஷன் காயிலுக்கும் பங்கு உண்டு. மிச்சம் என்னவோ அதில்தான் நீங்கள் பேச வேண்டும்.

ஆகவே 25 வாட் வேண்டுமா என்று யோசியுங்கள். 5 வாட்டுக்கு இறக்கினால் செட் மூன்று ஆம்பியர் சொச்சத்தில் முடித்துக்கொள்ளும். கேட்கிறவருக்கு வித்தியாசம் ஏழு டெசிபல். மலைமேல் ரிப்பீட்டர் (நம் சிக்னலை வாங்கித் திரும்ப ஒலிபரப்பும் நிலையம்) இருந்து, உங்களுக்கும் அதற்கும் நடுவில் மறைப்பும் இல்லாவிட்டால் அந்த ஏழு டெசிபல் யாருக்கும் தெரியாது. நான் 5 வாட்டில் வைத்தேன், இன்றுவரை அப்படியே இருக்கிறது.

இன்ஜின் ஓடினால் மட்டும் இரைச்சல்

இங்கேதான் அந்தத் தனி பேட்டரிக்கு வேலை. செட்டை வண்டியிலிருந்து பிரித்துத் தனி பேட்டரியில் கொடுங்கள். ஆன்டெனா அப்படியே இருக்கட்டும். இன்ஜினை ஓட விடுங்கள். இரைச்சல் போய்விட்டால் அது வயர் வழியாக வருகிறது. போகவில்லை என்றால் காற்று வழியாக ஆன்டெனாவுக்குள் நுழைகிறது. இந்த ஒரு சோதனை செய்யாமல் ஃபில்டர் வாங்குவது இருட்டில் ஊசி தேடுவது.

அடுத்து காதை நம்புங்கள்.

டக் டக் டக் என்று எண்ணும்படி, ஆக்சிலேட்டர் திருகினால் வேகமாகும் சத்தம் என்றால் ஸ்பார்க். பாயின்ட் வண்டியில் கேம் வேகத்தில்தான் ஸ்பார்க் வரும், அதாவது இரண்டு சுற்றுக்கு ஒன்று. ஐட்லிங் 1000 என்றால் விநாடிக்கு எட்டுத் தட்டு. "எஃப்.எம்.முக்கு இக்னிஷன் இரைச்சல் ஏறாதே" என்பார்கள். பலமான சிக்னலில் ஏறாது. தூரத்திலிருந்து வரும் மெலிந்த சிக்னலில் தாராளமாக ஏறும், நமக்கு வேண்டியது பெரும்பாலும் அந்த மெலிந்த சிக்னல்தான்.

ஸ்பார்க் இரைச்சலுக்கு முதலில் ரெசிஸ்டர் உள்ள பிளக் மூடி, 5 கிலோ ஓம். அல்லது எண்ணில் ‘ஆர்’ எழுத்து உள்ள பிளக். காயிலிலிருந்து பிளக்குக்குப் போகும் எச்.டி. (ஹை டென்ஷன்) வயர் பழசென்றால் மாற்றிவிடுங்கள். இருட்டில் வண்டியை ஓடவிட்டுப் பாருங்கள். வயர் மேல் நீலமாய் மின்மினி ஊர்ந்தால் அது மாற்ற வேண்டிய வயர். பிறகு பாயின்ட். இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரை. மூடியைத் திறந்துவிட்டு ஓடவிட்டால் பாயின்ட்டில் பெரிய நீலப் பொறி பறக்கிறதா? கண்டென்சர் சாகக் கிடக்கிறது. அதை மாற்றினால் இரைச்சலும் குறையும், வண்டியும் சீராக ஓடும். கண்டென்சர் என்றதும் ஒரு எச்சரிக்கை: இரைச்சலைக் கொல்லுகிறேன் என்று பாயின்ட் பக்கத்தில் இன்னொரு கபாசிட்டரைச் சேர்க்காதீர்கள். ஸ்பார்க்கே நோயாளி ஆகிவிடும், பாயின்ட்டும் தின்று போகும். சேர்ப்பதென்றால் காயிலின் பேட்டரிப் பக்கத்து முனையில், எர்த்துக்கு.

கொசு ரீங்காரம் மாதிரி மெல்லிய ஊளை, வேகத்தோடு சுருதி ஏறினால் ஆல்டர்னேட்டர். இது பெரும்பாலும் வயர் வழியாகத்தான் வரும். செட்டின் இரண்டு வயரும் பேட்டரிக்கே போகிறதா என்று மறுபடி பாருங்கள். நல்ல பேட்டரியே ஒரு ஃபில்டர்தான். தேய்ந்த பேட்டரி இந்த ஊளையை அப்படியே விட்டுவிடும். அதற்குப் பிறகும் இருந்தால் செட்டுக்கு அருகில் வயர்களை ஃபெரைட் வளையத்தில் நாலைந்து சுற்றுச் சுற்றுங்கள்.

வேகத்துக்கும் சத்தத்துக்கும் சம்பந்தமே இல்லாமல் உஸ்ஸென்று கொட்டுகிறது, ஸ்குவெல்ச் (சிக்னல் இல்லாதபோது இரைச்சலை அடைக்கும் வசதி) மூடவே மாட்டேன் என்கிறது என்றால் ஆசாமி வேறு. எனக்கு நடந்தது இதுதான். மூன்று வாரம் பிளக், பாயின்ட், காயில் என்று மாற்றிப் பார்த்தேன். ஒரு நாள் சாயங்காலம் டீக்கடை வாசலில் தற்செயலாக மொபைல் சார்ஜரின் யு.எஸ்.பி. வயரைப் பிடுங்கினேன், உஸ் நின்றது. சாக்கெட்டையே பிடுங்கியதும் மிச்சமும் நின்றது. ஹேண்டில்பாரில் மாட்டும் மலிவு யு.எஸ்.பி. சார்ஜருக்குள் 12 வோல்ட்டை 5 வோல்ட் ஆக்கும் ஸ்விட்சிங் சர்க்யூட் இருக்கிறது, அது 145 மெகாஹெர்ட்ஸ் வரை குப்பை கொட்டும். எல்.இ.டி. ஹெட்லைட் டிரைவரும் இதே ஜாதி. ஆகவே வண்டியில் பின்னால் சேர்த்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். ஆஃப் செய்தால் போதாது, பிடுங்க வேண்டும்.

நமக்குக் கேட்கிறது, யாரும் பதில் சொல்வதில்லை

முதலில் வெட்கப்படாமல் செட்டிங்கைப் பாருங்கள். ரிப்பீட்டரின் ஆஃப்செட் (கேட்கும், பேசும் அலைவரிசைகளின் இடைவெளி) சரியா? 2 மீட்டரில் வழக்கமாக 600 கிலோஹெர்ட்ஸ். டோன் (ரிப்பீட்டரைத் திறக்கும் மெல்லிய ஒலி) கேட்கும் ரிப்பீட்டருக்கு டோன் போட்டிருக்கிறீர்களா? பேட்டரியைக் கழற்றி மாட்டியபோது சில செட்டுகள் இதையெல்லாம் மறந்துவிடும். பக்கத்து நண்பரோடு 145.500 மெகாஹெர்ட்ஸில் நேரடியாகப் பேசிப் பாருங்கள். அவருக்குக் கேட்டால் செட்டில் குறையில்லை.

அடுத்து ஆன்டெனா. காருக்கு வாங்கிய கால் அலை ஆன்டெனாவை, சுமார் 49 செ.மீ., அப்படியே கேரியர் மூலையில் நிறுத்தினால் சரிவராது. காருக்குக் கீழே கூரை என்ற பெரிய தகடு இருக்கிறது, ஆன்டெனாவின் மறுபாதி அதுதான். புல்லட்டில் அந்த மறுபாதி இல்லை. இரண்டு வழி உண்டு. கேரியர் தட்டில் அலுமினியத் தகடு போட்டு, அதன் நடுவில் ஆன்டெனாவை வைப்பது. அல்லது தரைத்தளம் தேவைப்படாத அரை அலை ஆன்டெனா, ஏறக்குறைய ஒரு மீட்டர். எனக்கு இரண்டாவது ஒத்துவந்தது. நீளம் அதிகம், கிளை தட்டும், ஆனால் எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனாவிலிருந்து அலை எவ்வளவு திரும்பி வருகிறது என்ற கணக்கு; 1க்கு நெருங்க நெருங்க நல்லது) 1.5க்குள் அமைதியாக இருக்கிறது.

எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் வைத்து 144, 145, 146 மூன்றிலும் அளந்து எழுதுங்கள். 144இல் குறைவாகவும் 146இல் அதிகமாகவும் இருந்தால் ஆன்டெனா நீளம், வெட்ட வேண்டும். தலைகீழாக இருந்தால் குட்டை. கால் அலையில் ஒரு மெகாஹெர்ட்ஸ் நகர்த்த மூன்றரை மி.மீ. போதும், ஆகவே அரத்தால் ராவுங்கள், கட்டிங் பிளேயரை எடுக்காதீர்கள். வெட்டியதை ஒட்ட முடியாது. மூன்றிலும் 3க்கு மேல் நின்றால் நீளத்தின் குற்றமில்லை. கனெக்டரோ, கோஆக்ஸோ, பிராக்கெட்டின் எர்த்தோ.

வண்டி நின்றபோது எல்லாம் சரி, குண்டும் குழியுமான ரோட்டில் மட்டும் சிக்னல் விட்டு விட்டு வருகிறதா? புல்லட்டின் அதிர்வு கனெக்டரைத் தானாகவே திருகிக் கழற்றும். முடுக்கிவிட்டு, தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள். வயரை லக்கில் சால்டர் பண்ணியிருந்தால், சால்டர் முடியும் இடத்தில் உள்ளுக்குள் உடைந்திருக்கும். உறை மேலே முழுசாக இருப்பதால் தெரியாது. அதிரும் வண்டிக்குக் கிரிம்ப் பண்ணின லக்தான், அதுவும் ஒரு சாண் தூரத்தில் கிளிப் போட்டுக் கட்டிய வயர்தான் நிலைக்கும்.

மழைக்குப் பிறகு வந்த கோளாறு என்றால் கோஆக்ஸுக்குள் தண்ணீர். கனெக்டரைத் திறந்து பின்னலைப் பாருங்கள். செம்பு நிறம் போய்க் கறுத்திருந்தால் துடைத்துப் பயனில்லை, அந்த வயரையே மாற்றுங்கள். பின்னல் வழியாகத் தண்ணீர் திரி மாதிரி உள்ளே ஏறிப் போய்க்கொண்டே இருக்கும். மாற்றும்போது கனெக்டருக்குச் சற்று முன்னால் வயரைக் கீழ்நோக்கி ஒரு தொங்கல் விடுங்கள், சொட்டு அங்கேயே விழுந்துவிடும். ஓம் மீட்டரில் நடுக் கம்பிக்கும் உறைக்கும் ஷார்ட் காட்டினால் உடனே பதறவும் வேண்டாம். சில ஆன்டெனாக்களின் அடியிலேயே காயில் எர்த் ஆகியிருக்கும். ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு வயரை மட்டும் அளந்தால்தான் உண்மை தெரியும்.

பின்சீட்டில் ஆள் இருந்தால் ஆன்டெனா அவர் முதுகுக்குப் பக்கத்தில்தான் நிற்கும். அப்போது 5 வாட்டுக்கு மேல் போகாதீர்கள்.

பேச்சு புரியவில்லை என்கிறார்கள்

ஹெல்மெட்டுக்குள் மைக் வாயைத் தொடும் அளவுக்கு நெருக்கமாக, பஞ்சு உறை போட்டு, உதட்டின் ஓரத்தில் இருக்க வேண்டும். தூரத்தில் வைத்துவிட்டு மைக் கெயினை ஏற்றினால் காற்றும் சைலன்சரும்தான் ஒலிபரப்பாகும். பி.டி.டி.யை விட்ட பிறகும் செட் பேசிக்கொண்டே இருந்தால், நம் அலையே பி.டி.டி. வயருக்குள் புகுந்து சுவிட்சைப் பிடித்துக்கொள்கிறது. அந்த வயரை ஆன்டெனா பக்கமிருந்து டேங்கின் மறுபக்கம் மாற்றி, ஃபெரைட் கிளிப் ஒன்று போட்டால் சரியாகும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு கையால் பி.டி.டி. அழுத்துகிற வேலை வேண்டாம். ஓரம் கட்டிவிட்டுப் பேசலாம், ரிப்பீட்டர் எங்கும் ஓடிவிடாது.

இரவு பேசினேன், காலையில் கிக்கர் உதைத்தால் உயிரில்லை

பாயின்ட் புல்லட்டின் ஸ்பார்க் பேட்டரியிலிருந்து வருகிறது. முகாமில் உட்கார்ந்து இரவெல்லாம் ரேடியோ பேசினால் காலையில் காயிலுக்குக் கரென்ட் இருக்காது. சாவியைப் போட்டு, கிக்கரை மெல்ல இறக்கும்போது அம்மீட்டர் முள் மைனஸுக்கும் நடுவுக்கும் ஆட வேண்டும். பாயின்ட் மூடித் திறப்பதுதான் அந்த ஆட்டம். முள் அசையவே இல்லை என்றால் பேட்டரி காலி, அல்லது பாயின்ட்டில் அழுக்கு. தனி பேட்டரி இருந்தால் அதை இணையாகப் பிடித்து உதைத்தால் எழுந்துவிடும். பிளஸ் பிளஸோடு, மைனஸ் மைனஸோடு; இருட்டில் அவசரப்பட்டு மாற்றிப் பிடித்தால் ரெக்டிஃபையர் அன்றோடு சரி.

இன்னொன்று. "ரேடியோ கேட்கத்தானே" என்று சாவியை ஆனில் விட்டுவிடாதீர்கள். பாயின்ட் மூடிய நிலையில் இன்ஜின் நின்றிருந்தால் காயில் வழியாக மூன்று நான்கு ஆம்பியர் ஓடிக்கொண்டே இருக்கும். பேட்டரியும் போகும், காயிலும் அடுப்பாகும். செட் நேராகப் பேட்டரியில்தானே இருக்கிறது. சாவியைக் கழற்றிப் பாக்கெட்டில் போடுங்கள்.

மலை ஏறும்போது சூடாகி நின்றுவிடுகிறது, ஆறினால் ஓடுகிறது

இதற்கும் செட்டைத் திட்டியிருக்கிறேன். ரேடியோ மாட்டிய அன்றிலிருந்துதான் வருகிறது என்றும் சத்தியம் செய்தேன். உண்மையில் இரண்டு இடம்தான் பார்க்க வேண்டும்.

நின்றதும் பெட்ரோல் மூடியைத் திறங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் இறங்க வழியில்லாமல் வண்டி பட்டினி கிடக்கிறது. ஊசியால் குத்திவிட்டால் முடிந்தது. என் வண்டியில் இதுதான். பி.டி.டி. வயரை டேங்க் மேலே கொண்டுபோக நான் ஒட்டின டேப் பாதித் துளையை மூடியிருந்தது. அந்த வகையில் செட் மேல் போட்ட பழி முழுப் பொய்யும் இல்லை.

மூடியில் சத்தம் இல்லை என்றால், சூடாக இருக்கும்போதே பிளக்கைக் கழற்றி, பிளக் மூடியில் மாட்டி, ஹெட்டில் தொடவைத்து உதைத்துப் பாருங்கள். பிளக் துளைப் பக்கம் பொறி படாமல் தள்ளி வையுங்கள், உள்ளிருந்து பெட்ரோல் ஆவி வரும். ஸ்பார்க் மஞ்சளாக மெலிந்திருந்தால் கண்டென்சர், அதை மாற்றியும் அப்படியே இருந்தால் காயில். ஆறின பிறகு சோதித்தால் இரண்டும் நல்ல பிள்ளை வேஷம் போடும், அதனால் மலையிலேயே, ரோட்டோரத்திலேயே செய்ய வேண்டும். ஒரு கண்டென்சரும் ஒரு செட் பாயின்ட்டும் டூல் பாக்ஸில் எப்போதும் கிடக்கட்டும். துணியில் சுற்றி வையுங்கள், இல்லாவிட்டால் ஸ்பேனரோடு உரசி, தேவைப்படும் நாளில் அதுவும் பழையதாகியிருக்கும்.